இரண்டு மணிக்குத்தான் சார்

ஓட்டல் என்றால் தமிழில் சாப்பிடும் இடம். தங்குவதற்கு லாட்ஜ். என் தலைமுறைக்கு இதில் குழப்பமே கிடையாது. ஆனால் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களை அந்தச் சொல் சின்ன வயதிலேயே கொஞ்சம் படுத்தியது. பள்ளிக்கூடத்தில் ‘ஓத்தேல்’ என்றால் தங்கும் விடுதி. ‘ஓத்தேல் தெ வீல்’ என்றால் நகர மன்றக் கட்டடம். ‘ஓத்தேல் தியே’ என்றால் ஆஸ்பத்திரி. வீதிக்கு வந்தால் ஓட்டல் என்பது இரண்டு இட்லி, ஒரு வடை. கடற்கரைச் சாலையில் 2014இல் இடிந்து விழுந்து, பிறகு பழைய உருவத்திலேயே எழுப்பினார்களே மேரி கட்டடம், அதுவும் ஒரு ‘ஓத்தேல் தெ வீல்’தான் என்று அந்தக் காலத்தில் மிசியே வகுப்பில் சொன்னபோது, பின் பெஞ்சில் ஒருவன் “அங்க சட்னி நல்லா இருக்குமா?” என்று கேட்டுவிட்டு முட்டி போட்டான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பிரெஞ்சில் ‘ஓத்’ என்று ஒரு சொல். வீட்டுக்கு வந்தவரையும் அது குறிக்கும், வந்தவரை வரவேற்பவரையும் அதுவே குறிக்கும். யார் யாரென்று இடம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் ‘விருந்து’ என்றால் பழைய பொருள் புதுமை. புதிதாக வந்தவர் விருந்து. சோறு பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பொருள். வள்ளுவர் ஒன்பதாவது அதிகாரத்தையே அதற்கு ஒதுக்கியிருக்கிறார். காசு வாங்கிக்கொண்டு இடம் தருகிறவர்களுக்கு அந்த அதிகாரம் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். காசு கொடுத்தவனுக்கு நியாயம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

பேச வந்தது செயின் ஓட்டல்களைப் பற்றி. ஐந்து நட்சத்திரமும் இல்லை, பஸ் ஸ்டாண்டு லாட்ஜும் இல்லை. நடுவில், எந்த ஊரில் இருந்தாலும் ஒரே மாதிரி இருக்கிற ரகம். எனக்கு இவர்கள்மேல் விரோதம் கிடையாது. வெள்ளை விரிப்பு வெள்ளையாகவே இருக்கிறது. வாடகை எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிகிறது. ஆளைப் பார்த்து விலை சொல்லும் வழக்கமில்லை. கதவுத் தாழ்ப்பாள் விழுகிறது. லாட்ஜ் என்றாலே என் மனைவி முகம் சுளிப்பாள். ஆண்களுக்கு அது மலிவான அறை, பெண்களுக்கு அது தாழ்ப்பாளைச் சோதித்துவிட்டு, தலையணையில் துண்டை விரித்துப் படுக்கிற இடம். இதைப் பல வருஷங்களாகக் கேட்டிருக்கிறேன், அவள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆகவே என் குறை ஒன்றே ஒன்றுதான். இவர்களுடைய கடிகாரம் நம் ஊர்க் கடிகாரம் இல்லை. அதைச் சரிசெய்யக்கூடிய ஆள் ராத்திரி ஷிஃப்டில் இருப்பதில்லை.

போன ஆவணியில், 2025, மதுரையில் உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்திலேயே அறை தருவதாகச் சொன்னார்கள். மனைவிக்கு இரண்டு முழங்காலும் மடங்காது, தரையோடு இருக்கிற கழிப்பறை சரிப்படாது. பெங்களூரிலிருக்கும் பையன் செல்போனிலேயே ஒரு செயின் ஓட்டலில் அறை போட்டுவிட்டான். வாடகை 3,200, அப்போதிருந்த 12 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 3,584 ரூபாய். (அதற்குப் பின், செப்டம்பர் 22 முதல், 7,500 வரையுள்ள அறைக்கு 5 சதவீதம் ஆக்கிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்துக் கல்யாணம் வைத்திருந்தால் 224 ரூபாய் மிச்சம். புரட்டாசியில் யார் பெண் கொடுப்பார்கள்?) அறை போடும்போதே “எத்தனை மணிக்கு வருவீர்கள்” என்று அந்தச் செயலி கேட்டிருக்கிறது. பையன் காலை 5.30 என்று போட்டிருக்கிறான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போய், நள்ளிரவு வாக்கில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியுமுன் மதுரை. ஆட்டோ வைத்து ஓட்டல் வாசலில் இறங்கியபோது மணி ஆறுகூட ஆகவில்லை. கவுன்டரில் ஒரு இளைஞர், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதிருக்கும். எழுந்து நின்று வணக்கம் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், இரண்டு பேரின் ஆதாரையும் வாங்கிப் பதிந்துகொண்டார். பிறகு, “செக்-இன் ரெண்டு மணிக்குத்தான் சார்” என்றார்.

அறை காலியாக இல்லையா என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பையன். “இருக்கு சார். ஆனா சிஸ்டத்துல இப்ப போட்டா எர்லி செக்-இன் சார்ஜ் கேட்கும் சார். அரை நாள் வாடகை.” அதாவது 1,600, வரியோடு 1,792.

என் மனைவி சர்க்கரை நோயாளி. காலையில் ஊசி போட்டுக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த உடம்பு, குளிக்காமல் வாயில் எதையும் வைக்கமாட்டாள். பணம் கட்டிவிடலாமா என்று அவளைப் பார்த்தேன். “வேணாங்க. காலியா கிடக்கிற ரூமுக்கு எதுக்கு அரை நாள் காசு? உட்கார்ந்திருப்போம்” என்றாள். குமாஸ்தா பெண்டாட்டி, கணக்கு என்னைவிடக் கறாராகப் பார்ப்பாள்.

அப்படித்தான் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தோம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்திலிருந்த பொதுக் கழிப்பறையில், கை கழுவும் தொட்டியில் முகம் கழுவிவிட்டு வந்தாள். ஊசியையும் அங்கேயே போட்டுக்கொண்டாளாம். பெட்டியைத் திறந்து புடவை எடுக்கக் கூச்சம், ஆள் நடமாட்டம். காலை நீட்ட முடியாத தாழ்வான சோபா. அந்த மாதிரி சோபாவில் எங்கள் வயதுக்காரர்கள் உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் முடியாது. பார்க்க அழகாக இருக்கும்.

ஒன்பது மணிக்கு மானேஜர் வந்தார். உள்ளே நுழைந்தவர் எங்களைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், கவுன்டரில் இரண்டு வார்த்தை கேட்டார். “சாருக்கு 2வது மாடி கொடுத்திடுங்க, சார்ஜ் வேணாம்.” அவ்வளவுதான். ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

நல்ல மனிதர், அதில் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. அந்த ஒரு நிமிட அனுமதி விடியற்காலையில் எங்கே இருந்தது? மானேஜர் வீட்டில் அவரோடு தூங்கிக்கொண்டிருந்தது. கொடுக்கலாம் என்று விதியில் இடமிருக்கிறது, அறையும் காலியாக இருக்கிறது, வருகிற நேரம் முன்கூட்டியே கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஆனால் சரி என்று சொல்லும் அதிகாரம் மட்டும் பகல் ஷிஃப்டில் இருக்கிறது. ரயிலோ ராத்திரி ஷிஃப்டில் வருகிறது.

அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கவுன்டரில் உட்கார்ந்தவன் என்பதால் அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எதிரில் நிற்பவரின் கஷ்டம் கண்ணுக்குத் தெரியும், கையில் பேனாவும் இருக்கும், கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டும் அடுத்த அறையில் இருக்கும். அந்த அடுத்த அறைக்காரர் லீவில் இருப்பார். நவம்பர் மாதம் வந்தால் பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதற்கான சான்றிதழோடு வந்து நிற்பார்கள். எங்களுக்கு ஒரு காலத்தில் அதிகாரியாக இருந்தவர் வாய்மொழியாக ஒரு உத்தரவு போட்டிருந்தார். எழுபத்தைந்து தாண்டியவருக்கு வரிசை கிடையாது, நேராக மேசைக்கு வரலாம், முடிவு மேசைக்காரருடையது, யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள் என்று. எந்த ஜி.ஓ.விலும் அது கிடையாது. அந்த உத்தரவினால் அரசாங்கத்துக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆனால் அவர் இருந்த வருஷங்களில் கவுன்டரில் உட்கார எனக்குப் பிடித்திருந்தது.

இந்த இரண்டு மணி எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால் காரணம் புரியாமலில்லை. அமெரிக்காவில் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் குடும்பத்தோடு காரில் ஊர் சுற்றப் போய், வழியில் தங்குமிடங்களில் குழந்தைகளுக்கென்று தனியாகக் காசு பிடுங்கியதில் வெறுத்துப்போய், 1952இல் மெம்ஃபிஸ் நகரில் முதல் ஹாலிடே இன்னைக் கட்டினார். அந்த மாதிரியைப் பார்த்துவிட்டு, பிரான்சில் போல் துப்ரூல், ஜெரார் பெலிசோன் என்ற இருவர் 1967இல் லீல் நகருக்குப் பக்கத்தில் முதல் நோவோத்தேலைத் திறந்தார்கள். 1974இல் போர்தோவில் முதல் இபிஸ். நம் நாட்டில் டாடாக்காரர்கள் 2004இல் பெங்களூரில் ஆரம்பித்ததுதான் பிறகு ஜிஞ்சர் என்று பெயர் மாறியது. இந்த ரகத்தின் வம்சாவளி ஏறக்குறைய இதுதான்.

வம்சத்தின் மூத்தவர்களைக் கவனியுங்கள். அத்தனையும் நெடுஞ்சாலையில் கார் ஓட்டி வருகிறவனுக்காகக் கட்டியவை. அவன் பகலெல்லாம் ஓட்டிவிட்டுச் சாயங்காலம் வருவான். தூங்குவான். காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவான். அவனுக்குப் பிற்பகல் இரண்டிலிருந்து மறுநாள் பதினொன்று வரை என்றால் தாராளம். இடையில் மூன்று மணி நேரம் அறையைச் சுத்தம் செய்ய. அவன் கணக்கில் ஒரு குற்றமும் இல்லை.

நம் ஆள் அப்படி வருவதில்லையே. அவன் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ரயிலோ ஆம்னி பஸ்ஸோ ஏறி விடிகாலையில் இறங்குகிறவன். எழும்பூரில் காலை ஐந்திலிருந்து ஏழு வரை நின்று பாருங்கள், தெற்கு ஜில்லாவே வந்து இறங்கும். கோயிலுக்கென்றால் விடியற்காலை, முகூர்த்தமென்றால் விடியற்காலை, ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுப்பதென்றால் வெறும் வயிற்றோடு காலையில். எல்லாவற்றுக்கும் முன்னால் குளிக்க வேண்டும். நமக்கு அறை தேவைப்படுவது முதலில் குளிப்பதற்கு, பிறகுதான் தூங்குவதற்கு. இதைப் புரிந்துகொண்டவர்கள் லாட்ஜ்காரர்கள். மதுரை மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் நடந்தால் 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் லாட்ஜுகள் வரிசையாக உண்டு. அவர்களுடைய நீளமான பேரேட்டில் எந்த ஊர், என்ன காரியம் என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் ‘வந்த நேரம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். காலை 5.40 என்று எழுதினால் மறுநாள் 5.40 வரை அறை உங்களுடையது. ரயில்வே ஓய்வறைகளையும் 12 மணி, 24 மணி என்றுதான் கொடுத்து வந்தார்கள். செயின் ஓட்டல் படிவத்திலும் வந்த நேரத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. நானே என் கையால் நிரப்பினேன். எதற்காகக் கேட்கிறார்கள் என்றுதான் விளங்கவில்லை.

குமாஸ்தா புத்தி, அன்றைக்கு ரசீதின் பின்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டிலிருந்து பதினொன்று என்றால் 21 மணி நேரம். 3,584ஐ வகுத்தால் மணிக்கு 170 ரூபாய் 67 காசு. அதையே 24ஆல் வகுத்தால் 149 ரூபாய் 33 காசு. ‘ஒரு நாள்’ என்று எழுதிவிட்டு மூன்று மணி நேரத்தை அவர்கள் எடுத்துக்கொள்வதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை, துடைப்பம் பிடிக்கிறவருக்கும் நேரம் வேண்டாமா? அறை சுத்தம் செய்ய வந்த தம்பியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஒரு ஷிஃப்டில் பதினான்கு அறை என்றார். விரிப்பு மாற்றி, கழிப்பறை கழுவி, தண்ணீர் பாட்டில் வைத்து, எல்லாம் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு. வந்தவர் வந்த நேரத்துக்கு, போகிறவர் போகிற நேரத்துக்கு என்றால் அவர் பாடு திண்டாட்டம். இருநூறு அறை உள்ள இடத்தில் லாட்ஜ் பேரேட்டுக் கணக்கு நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். முந்தின ராத்திரி எல்லா அறையும் நிரம்பியிருந்தால் நான் சோபாவில் உட்கார வேண்டியதுதான், அதில் புகார் சொல்ல ஒன்றுமில்லை.

நான் கேட்பது காலியாகக் கிடக்கிற, ஏற்கெனவே சுத்தமாயிருக்கிற அறையைப் பற்றி. அதைச் சும்மா கொடுத்தால் எல்லோரும் விடியற்காலையிலேயே வந்துவிடுவார்கள், அரை நாள் வாடகை கட்டுகிறவன் முட்டாளாகிவிடுவான் என்று என் பையன் வாதாடினான். அவன் கம்பெனிக்காரன், அப்படித்தான் பேசுவான். சரி, வியாபாரமாகவே பாருங்கள். காலை ஆறிலிருந்து மறுநாள் காலை ஐந்து வரை என்று பத்து அறையைத் தனியாக விற்றால் வாங்க ஆளில்லையா? முகூர்த்த நாட்களில் அடித்துப் பிடித்துக்கொண்டு வாங்குவார்கள். அதுவும் முடியாதென்றால், வரவேற்பறைக்குப் பக்கத்தில் குளிக்க இரண்டு அறை, உடை மாற்ற ஒரு நாற்காலி, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. நூறு ரூபாய் கட்டணம் வையுங்கள். நீச்சல் குளம் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியமா? (அந்த நீச்சல் குளத்தில் நான் பார்த்தவரை ஒரு காக்கை மட்டும் குளித்தது.)

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அந்த ராத்திரிப் பையன். அவர் கம்ப்யூட்டரில் ஒரு பொத்தான் கூடுதலாக இருந்தால் போதும். அறை காலி, வந்தவருக்கு வயதாகிவிட்டது அல்லது கைக்குழந்தை அல்லது உடம்பு சரியில்லை என்றால், அவரே முடிவு செய்து சாவியைக் கொடுக்கலாம். மாதத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் கூடாது என்று வரம்பு வையுங்கள். எழுதி வைக்கச் சொல்லுங்கள், மானேஜர் காலையில் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். ஒரு ஆளை ராத்திரி முழுக்கக் கோடி ரூபாய்க் கட்டடத்துக்குக் காவலாக நிறுத்தலாம், கல்லாப்பெட்டியை நம்பி ஒப்படைக்கலாம், ஒரு காலி அறையைத் திறக்க மட்டும் நம்பக் கூடாதா? ஏழு மணி வாக்கில் அவர் எங்களிடம் வந்து, “டீ கொண்டு வரவா சார், நான் தர்றேன்” என்றார். அவர் கையால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான். சர்க்கரை இல்லாமல் போட்டுக் கொண்டுவந்தார், மனைவிக்கு மட்டும் இரண்டு பிஸ்கட்டோடு. அன்று அவள் விரதத்தைத் தளர்த்திக் குளிக்காமலே சாப்பிட்டாள்.

மற்றதெல்லாம் வழக்கம்போல. விளக்கு எரிய அட்டையைச் சுவரில் செருக வேண்டும். தண்ணீர் திறந்தால் முதலில் தலையில் ஊற்றுகிறது, பிறகுதான் எந்தக் குழாய் எது என்று தெரிகிறது. வாளி, குவளை கேட்டால் உடனே வந்தது, அதற்குப் பாராட்டு. மறுநாள் முகூர்த்தம் முடிந்து வந்து, வாடகையில் சேர்ந்த காலைச் சாப்பாட்டுக்குப் போனால் இட்லிக்குப் பக்கத்தில் குருவாசான் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் சுட்டுத் தின்னும் பிறை வடிவ ரொட்டி. எடுத்துக் கடித்தேன். எங்கள் மிசியே உயிரோடில்லை என்று ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

பதினொன்றுக்கு அறையைக் காலி செய்தோம். ரயில் ராத்திரிதான். இடையில் வரவேற்பு, முகூர்த்தம் என்று மண்டபத்தில் கழிந்த நேரம் போக, நாங்கள் அந்த அறைக்குள் இருந்தது, மானேஜர் தயவில் கிடைத்த காலை ஐந்து மணி நேரத்தையும் சேர்த்து, பதினாறு பதினேழு மணி நேரம் இருக்கும். அந்த ஐந்து மணி நேரத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்று மனைவி சொல்கிறாள். அடுத்த தடவை லாட்ஜுக்குப் போகலாமா என்று கேட்டேன். “நீங்க வேணும்னா போங்க” என்றாள்.

தை மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம் வருகிறது, மறுபடியும் ராத்திரி ரயில். இந்த முறை பையனிடம் விடவில்லை. வேறொரு செயின் ஓட்டலின் உள்ளூர் நம்பருக்கு நானே போன் போட்டு, “உங்க நைட் ஷிஃப்டுல இருக்கிறவருக்கு, அறை காலியா இருந்தா கொடுக்கிற அதிகாரம் உண்டாம்மா?” என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, “இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல சார், கேட்டுச் சொல்றேன்” என்றாள். ஒரு மணி நேரத்தில் அவளே கூப்பிட்டாள். காலியாக இருந்தால் ஆறு மணியிலிருந்து தரலாமாம், மானேஜர் சம்மதித்திருக்கிறார், ஒரு மெயில் மட்டும் போட்டுவிடச் சொன்னாள். போட்டேன். பதில் வந்தது. அதை அச்செடுத்து, தேதி, நேரம், பதில் சொன்னவர் பதவி எல்லாவற்றையும் ஓரத்தில் எழுதி, மருந்துப் பைக்குள் வைத்திருக்கிறேன். குளியலறையில் பிடிகம்பி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டீர்களே என்று மனைவி சொல்கிறாள். நாளைக்கு இன்னொரு மெயில் போட வேண்டும்.